மீனாவுக்கு, ‘சாங் லான் ஜுவே’ பற்றி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. வீடு மாற்றியது நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. அம்மா இனி மாடிப்படி ஏற வேண்டாம் என்பதே பெரிய விஷயம். இங்கே எல்லோரும் நலம். கார்த்திக்குக் கல்லூரி தொடங்கிவிட்டது.

சீன சீரியல் பார்ப்பதென்றால் எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். தேவலோகம், அசுரலோகம், பல்லாயிரம் ஆண்டுப் பகை, அதற்கு நடுவே ஒரு காதல் என்று போகும் இந்த வகைக்கு அங்கே ‘சியான்ஷியா’ என்று பெயர். புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் கை காட்டுவது ‘சாங் லான் ஜுவே’. ஆங்கிலத்தில் ‘லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்’ என்று தேடினால் வரும். ஜியூலூ ஃபெய்ஷியாங் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது, இயக்கம் யீ செங், 2022 ஆகஸ்டில் ஐசியீ (iQIYI) என்ற சீன வீடியோ தளத்தில் வெளியானது.

36 எபிசோடுதான் என்பது முதல் வசதி. இந்த வகையைப் பிரபலமாக்கிய 2017ஆம் ஆண்டின் ‘எட்டர்னல் லவ்’ 58 எபிசோடு, அடுத்த ஆண்டு வந்த ‘ஆஷஸ் ஆஃப் லவ்’ 63. அவற்றில் நடுவே பத்துப் பன்னிரண்டு எபிசோடுகளைத் தூக்கிவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. 2020 பிப்ரவரியில் சீன ஒளிபரப்புத் துறை, நாடகங்கள் 40 எபிசோடைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றில் இழுவை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கதை இதுதான். துங்ஃபாங் சிங்சாங் நிலாக் குலத்தின் தலைவன். போர்த்தெய்வமான ஒரு பெண் தன் உயிரைக் கொடுத்து அவனை அடக்கியதால் 30,000 ஆண்டுகளாக ஒரு கோபுரத்தில் சிறைப்பட்டிருக்கிறான். அவனுடைய ஒரு லட்சம் வீரர்களும் அப்படியே முத்திரையிடப்பட்டுக் கிடக்கிறார்கள். ஷியாவ் லான்ஹுவா தேவலோகத்தின் கடைநிலையில் இருக்கும் ஒரு ஆர்க்கிட் தேவதை. மனிதர்களின் விதி எழுதிய ஏடுகள் கிழிந்துபோனால் ஒட்டிச் சரிசெய்வது அவள் வேலை. தவறுதலாகக் கோபுரத்துக்குள் போய் அவனை விடுவித்துவிடுகிறாள். அங்கேயே இருவரும் உடல் மாறிவிடுகிறார்கள். அதோடு ஒரு சாபமும் ஒட்டிக்கொள்கிறது.

இந்தச் சாபத்தை எழுதியிருக்கும் விதத்துக்காகவே நாடகத்தைப் பார்க்கச் சொல்வேன். மற்ற நாடகங்களில் மந்திரம் என்பது எழுத்தாளருக்குத் தேவைப்படும்போது வந்து தேவையில்லாதபோது காணாமல் போகும். இங்கே அதற்கு விதிகள் இருக்கின்றன. அவளுக்கு அடிபட்டால் அவனுக்கும் அதே காயம், அவள் செத்தால் அவனும் சாக வேண்டியதுதான். ஆனால் அவனுடைய காயம் அவளுக்குப் போகாது. ஒருவழிதான். உடம்பின் வலி மட்டுமா, அவளுடைய துக்கமும் சந்தோஷமும்கூட அவனுக்குள் இறங்குகின்றன. அவனோ சிறு வயதிலேயே தந்தையால் ஏழு உணர்வுகளும் பிடுங்கப்பட்டவன். உணர்வற்றவனால் மட்டுமே ஆள முடிகிற வினைத்தீதான் அவனுடைய ஆயுதம் என்பதால் தந்தை அப்படிச் செய்கிறார்.

இந்த மூன்று விதிகளையும் சேர்த்துப் பார். அவளைக் கொல்ல நினைப்பவன் அவளைக் காப்பாற்றியே ஆக வேண்டும். உணர்வே இல்லாதவன் இன்னொருத்தியின் உணர்வைச் சுமக்கிறான். அவள்மேல் அன்பு வளர வளர அவனுடைய தீ பலவீனமாகிறது, அதனால் அவனுடைய குலமே ஆபத்துக்குள்ளாகிறது. யாராவது தற்செயலாக ஒட்டுக்கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வதை நம்பி இங்கே திருப்பம் வருவதில்லை, பெரும்பாலானவை இந்த விதிகளிலிருந்தே பிறக்கின்றன. தான் உணர்வது அவளுடையதா, தன்னுடையதா என்று அவனுக்கே தெரியாமல் போகும் கட்டம் ஒன்று வருகிறது. சாபம் தீர்ந்தால் அவன் என்ன செய்வான் என்பதை நீயே பார்த்துத் தெரிந்துகொள்.

இதைத் தாங்குவது நடிப்பு. துங்ஃபாங்காக வாங் ஹெதி. அவள் எங்கோ அழுகிறாள், இங்கே அவன் முகத்தில் ஒரு தசைகூட அசையாமல் கண்ணீர் மட்டும் வழிகிறது. அது என்னவென்று அவனுக்கே புரிவதில்லை. சிரிப்புக் காட்சிகள் இதைவிடக் கடினம். உதடு மேலே போகப் பார்க்கும், அவன் அதைக் கீழே இழுத்துப்பிடிப்பான். கொஞ்சம் கூடினாலும் கோமாளித்தனமாகிவிடும். அவர் அளவு தவறவில்லை. ஷியாவ் லான்ஹுவாவாக யூ ஷூஷின். அவருடைய கொஞ்சல் குரல் முதல் இரண்டு எபிசோடுகளில் எரிச்சல் தரலாம், பொறுத்துக்கொள். உடல் மாறிய காட்சிகளில் அதே பெண் தாடையை இறுக்கி, தோளை விரித்து, கண்ணிமைக்காமல் பேசும்போது அவருடைய திறமை தெரியும். அவனாக அவளும் அவளாக அவனும் நடிக்கும் அந்தப் பகுதியில் நடையைக் கவனி, கைகளை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் கவனி. வசனத்தைவிட அதில்தான் அதிகம் இருக்கிறது. சாங்ஹெங் என்ற தேவ வீரனாக வரும் சாங் லிங்ஹேவுக்குக் கிடைக்காத காதலைச் சுமக்கும் வேடம். நன்றாகவே செய்திருக்கிறார்.

கைவேலை பிடித்த உனக்கு அவளுடைய கூந்தல் அலங்காரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நாடகத்தின் தலையணிகளில் சீனாவின் நான்ஜிங் நகரத்துப் பழைய பட்டுப்பூ வேலையும் இருக்கிறது. மெல்லிய செம்புக் கம்பியைக் கரி நெருப்பில் வாட்டி மிருதுவாக்குவார்கள், இல்லாவிட்டால் முறுக்கும்போது ஒடிந்துவிடும். சாயமேற்றிய பட்டு இழைகளை வரிசையாகப் பரப்பி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்து, வெட்டி, கம்பியை முறுக்கினால் பாட்டில் கழுவும் பிரஷ் போல இழைகள் சுற்றிலும் விரிந்து நிற்கும். பிறகு கத்தரிக்கோலால் முனையைக் கூர்மையாகச் சீவி, இடுக்கியால் வளைத்து இதழாக்கி, பட்டு நூலால் கட்டுவார்கள். முறுக்கு தளர்ந்தால் இழை உதிரும், சீவியது சமமாக இல்லாவிட்டால் இதழ் மேடும் பள்ளமுமாகிவிடும். முகத்துக்கு அருகே காமிரா வரும்போது வெளிச்சத்தை இது பிரதிபலிக்காமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் பூவில் அது வரவே வராது.

குறைகளுக்கு வருகிறேன். கடைசிப் பத்து எபிசோடுகளில் விதிகள் குழம்புகின்றன. யாருடைய ஆன்மா யார் உடலில் இருக்கிறது, எது எதை முத்திரையிட்டிருக்கிறது என்பதைக் காட்சியாகக் காட்டாமல் பாத்திரங்கள் நின்றபடி வாயால் விளக்குகிறார்கள். தைசுய் என்ற தீய சக்தி வில்லனாக வந்ததும் பிரச்சினை மனத்துக்குள்ளிருந்து வெளியே போய்விடுகிறது. அவனை அழித்தால் தீர்ந்தது என்றாகிவிடுகிறது. (தைசுய் வியாழன் கிரகத்தின் சுற்றோடு சேர்ந்த ஆண்டுத் தெய்வத்தின் பெயர். சீனர்களுக்கும் அறுபதாண்டுச் சக்கரம் உண்டு. நம் பிரபவ முதல் அட்சய வரை வியாழனின் ஐந்து சுற்றுதானே!) தன் குருவை உயிர்ப்பிக்க எதையும் செய்யத் துணியும் ரோங் ஹாவ்தான் உண்மையில் கனமான எதிர்ப் பாத்திரம். அவனுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

கிராபிக்ஸ் சில இடங்களில் பல்லிளிக்கும். பச்சைத் திரைக்கு முன் எடுக்கும்போது முகத்தில் விழுவது ஸ்டுடியோ விளக்கு. பின்னணியில் நீலத் தீ எரிந்தாலும் முகம் வெள்ளையாகவே இருக்கும், பறக்கும் தலைமுடியின் ஓரத்தில் வெட்டிய கோடு தெரியும். இதைவிட என்னை உறுத்துவது, தோலை மழமழவென்று ஆக்கும் பழக்கம். நெற்றிச் சுருக்கமும் கண்ணோர நடுக்கமும் அழிந்துபோனால் நடிகர் பாவம் என்ன செய்வார்? இந்த வகையில் குரலைப் பெரும்பாலும் பின்னால் ஸ்டுடியோவில்தான் சேர்ப்பார்கள். உதடு கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் உன் இணையத்தில் கோளாறு என்று நினைத்துவிடாதே.

பார்க்கும் முறை: முதல் நான்கு எபிசோடுகளை ஒரே மூச்சில் பார்த்துவிடு. பெயர்கள் மொத்தமாக வந்து கொட்டும், எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டாம். தேவலோகமான ஷூயியுன்தியான், நிலாக் குலத்தின் சாங்யான்ஹாய், மனிதர்கள் வாழும் யுன்மெங்ஸே ஆகிய மூன்று இடங்கள் தெரிந்தால் போதும். அதன்பிறகு நாளுக்கு இரண்டு. அதற்கு மேல் போனால் காதல் காட்சிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவன் அவள் கையில் கட்டும் எலும்பு ஆர்க்கிட் வளையத்தை எங்கே பார்த்தாலும் கவனி, முடிவு வரைக்கும் அதற்கு வேலை இருக்கிறது. அவர்கள் மனித உலகுக்கு இறங்கும் பகுதியில், பழைய நினைவின்றி அவள் வேறொரு வீட்டுப் பெண்ணாக வாழ்வதைக் கிளைக்கதை என்று ஓட்டிவிடாதே. அவனுடைய மாற்றம் நடப்பது அங்கேதான்.

முடித்ததும் இன்னும் இருட்டாக ஒன்று வேண்டுமென்றால் 2023இல் வந்த ‘டில் தி எண்ட் ஆஃப் தி மூன்’ பார். நடிப்பு லுவோ யுன்ஷி, பாய் லூ. 40 எபிசோடு. சீனாவின் துன்ஹுவாங் என்ற இடத்துப் பழைய குகை ஓவியங்களை ஒட்டிய உடைகள், ஆனால் மனம் கனத்துப்போகும். அதைத் தொடங்கும் முன் இதன் பதினைந்தாவது எபிசோடு தாண்டியதும் எனக்கு ஒரு வரி எழுது. துங்ஃபாங்கின் தந்தை செய்ததைப் பற்றி உன் கருத்து எனக்கு வேண்டும். குலத்துக்காகச் செய்தார் என்று பலர் வாதாடுகிறார்கள், எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சுதா