தம்பதியர் ஐக்கியம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், ஐக்கியத் தலைவர் அவர்களுக்கும், ரங்கூன் தமிழ்ச் சபையின் சகோதர சகோதரிகளுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்தே கூடவேண்டியிருந்ததால், மாதம் ஒன்றென்று எண்ணியிருந்த கூட்டங்களில் ஒன்பதுதான் நடந்தன. மார்ச் 28 அன்று சகாயிங், மண்டலே பகுதிகளை உலுக்கிய நிலநடுக்கத்தின் பிறகு, ஏப்ரல் கூட்டத்தை ஜெபத்துக்கும் உதவிப் பொருள்கள் சேர்ப்பதற்கும் விட்டுக்கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டின் தியானப் பொருள் கணவன் மனைவியின் ஒரே அழைப்பும் நீடிய பொறுமையும். இதற்கு வெளியூர் எடுத்துக்காட்டைத் தேடாமல், இந்த நகரத்திலேயே வாழ்ந்த அமெரிக்க மிஷனரிகளான ஜட்சன் தம்பதியரை எடுத்துக்கொண்டோம். 1812 பிப்ரவரி 5 அன்று மணமுடித்து, இரண்டு வாரத்தில் கப்பலேறிய அடோனிராமும் ஆனும் 1813 ஜூலை 13 அன்று ரங்கூனில் வந்திறங்கினார்கள். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றதோ 1819 ஜூன் 27 அன்று. இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் கண்ட பலன் என்று ஊருக்குக் காட்ட ஒன்றுமில்லை. ரோஜர் என்ற மகனையும் எட்டு மாதக் குழந்தையாக அடக்கம் செய்திருந்தார்கள்.

ஊழியம் கணவருடையது, மனைவி அவருக்குத் துணை என்று நம்மில் பலர் எண்ணியிருந்ததைக் கூட்டங்களில் உணர்ந்தோம். ஆன் அம்மையாரோ பர்மியப் பெண்களைத் தாமே கூட்டி வேதம் கற்பித்தவர். மத்தேயு சுவிசேஷத்தைச் சயாம் மொழியில் பெயர்த்தவர். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டு, கணவர் அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறைப்பட்டபோது, வயிற்றில் பிள்ளையுடன் அதிகாரிகளின் வாசல்தோறும் ஏறி இறங்கியவரும், கணவருடைய பர்மிய வேத மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காத்தவரும் அவரே. இப்பகுதியை ஆண்கள்தான் அதிகம் குறிப்பெடுத்தார்கள். அது வீடு வரை போய்ச் சேர்ந்ததா என்பதைச் சகோதரிகள்தான் சொல்லவேண்டும்.

கணவர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்க, பிள்ளைகளோடு இங்கே தனித்திருக்கும் சகோதரிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பிரிந்திருப்பவர்களுக்கு ஒரே அழைப்பு எப்படிப் பொருந்தும்? உடல்நலம் குன்றி 1821இல் புறப்பட்ட ஆன் 1823 இறுதியில்தான் திரும்பி வந்ததையும், 1826 அக்டோபரில் ஆம்ஹர்ஸ்டில் அவர் உயிர் பிரிந்த நேரத்தில் கணவர் ஆவாவில் இருந்ததையும் எடுத்துச் சொன்னோம். அது அவர்களுக்கு ஆறுதலாக இருந்ததா என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூட்டம் முடிந்தும் நெடுநேரம் யாரும் எழுந்து போகவில்லை.

திருமண முன் ஆலோசனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மணமான பெண்களுக்கு அதில் விலக்கு உண்டு என்பதால், அவசரமாக வரன் முடிக்கும் பெற்றோர் பெருகியிருக்கிறார்கள். மூன்று வாரம் ஓலை வாசிப்பதை, அதாவது சபையில் திருமண அறிவிப்பு வாசிப்பதைக்கூடக் குறைக்கமுடியுமா என்று கேட்டார்கள். அவர்களுடைய பயத்தை நாங்கள் இலேசாக எண்ணவில்லை. ஆயினும், மணமக்கள் இருவரையும் தனித்தனியே சந்தித்து, "இது உன் சம்மதமா?" என்று கேட்காமல் எந்தத் திருமணத்துக்கும் பரிந்துரைப்பதில்லை என்ற செயற்குழுவின் தீர்மானத்தில் மாற்றம் செய்யவில்லை. இதனால் சிலர் மனவருத்தம் அடைந்ததை அறிவேன்.

பொறுமை என்ற சொல்லைப் பெண்ணிடம் மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் மனைவிகளுக்குச் சொன்ன 22ஆம் வசனத்துக்கு முன்பே, ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21ஆம் வசனம் இருக்கிறது. அடிபடும் சகோதரியைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது ஆலோசனை ஆகாது. அப்படி வருபவருக்கு முதலில் பாதுகாப்பான இடம், பிறகுதான் பேச்சு என்று முடிவு செய்து, அதற்காக இரண்டு மூத்த சகோதரிகளைப் பொறுப்பில் வைத்திருக்கிறோம்.

ஆன் அம்மையாரின் கல்லறை உள்ள சைக்கமிக்கு, அதாவது பழைய ஆம்ஹர்ஸ்டுக்கு, தம்பதியராகப் போய்வரும் திட்டம் சாலை நிலைமையால் நடைபெறவில்லை. அதற்கென்று வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா, அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கவேண்டுமா என்பதை இப்பேரவையின் முடிவுக்கு விடுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்