அப்பாவின் சுடோகுவும் உன் பேரேடும்

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மார்ச் கணக்கு முடிக்கிற அமளியில் பதில் போட்டாலும் பிரித்துப் படிக்க மாட்டாய் என்று நானும் சோம்பிவிட்டேன். பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்தே காலத்தை ஓட்டாதே, டாக்டரைப் போய்ப் பார்.

அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. பேப்பரில் வரும் சுடோகுவில் பென்சிலால் தானே எழுதிய பொடி எண்களை அவரால் படிக்க முடியவில்லை. பெரிய எழுத்தில், விளம்பரம் இல்லாமல், போனில் ஒன்று செய்து தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தது, நாலு மாதமாக ஓடுகிறது. கட்டம் வரைவதில் ஒரு சிரமமும் இல்லை. இந்த நொடியில் ஆட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் செயலி பிசகாமல் வைத்திருக்க வேண்டுமே, ‘ஸ்டேட்’ என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

கட்டத்துக்குக் கீழே 1 முதல் 9 வரை பொத்தான்கள். ஒவ்வொரு எண்ணும் ஒன்பது இடத்தில் வர வேண்டும், இன்னும் எத்தனை பாக்கி என்று அதனடியில் காட்டும். ஒருநாள் அப்பா கூப்பிட்டு, “ஏழு தீர்ந்துபோச்சுன்னு சொல்லுது, எண்ணிப் பார்த்தா எட்டு இடத்துலதான்டா இருக்கு” என்றார். பாக்கியை நான் தனியாக எழுதி வைத்திருந்தேன். எண்ணைப் போட்டால் ஒன்று குறையும், அழித்தால் ஒன்று கூடும். கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ பொத்தானை அமுக்கும்போது கூட்ட மறந்திருந்தேன். உன்னிடம் வேலை பார்க்கிற பையன் பதிவைத் தொடாமல் இருப்பை மட்டும் திருத்தினால் என்ன திட்டு திட்டுவாய்! பாக்கியை எழுதி வைப்பதையே விட்டுவிட்டேன். திரையை வரையும்போதெல்லாம் 81 கட்டத்தையும் புதிதாக எண்ணிக்கொள்கிறது. போனுக்கு அது ஒரு வேலையே இல்லை. மோதுகிற எண்ணைச் சிவப்பில் காட்டுவது, ஆட்டம் முடிந்ததா என்று பார்ப்பது, எல்லாவற்றுக்கும் இப்போது அதே வழிதான். பாதிக் கோளாறு அன்றைக்கே ஒழிந்தது.

அன்டூ தனிக் கதை. ஒவ்வொரு எண்ணைப் போடுவதற்கு முன்னும் கட்டத்தை நகல் எடுத்து அடுக்கி வைப்பது என் திட்டம். செய்து முடித்து அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. செயலி எழுதும் கோட்லின் என்கிற நிரல்மொழியில் ஒன்பது வரிசைகளை ஒரு பெரிய வரிசைக்குள் வைத்திருந்தேன். நகல் எடுத்தபோது வெளி உறை மட்டும் புதிதாக வந்தது, உள்ளே இருந்த ஒன்பதும் பழையவையே. ஜெராக்ஸ் எடுத்துவிட்டதாக நினைத்து, அதே நோட்டுக்குப் புது அட்டை போட்ட மாதிரி. அடுக்கில் இருந்த அத்தனை நகலும் ஒரே கட்டம்! அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று. இப்போது வரிசைக்குள் வரிசையே கிடையாது, 81 எண்களும் ஒரே நீளமாக இருக்கின்றன.

போட்ட எண்ணை மட்டும் குறித்தால் போதாதா என்று நீ கேட்பாய். ஒரு கட்டத்தில் 5 போட்டால், அதன் வரிசை, நெடுவரிசை, பெட்டி மூன்றிலுமாக 20 கட்டங்கள் அதோடு தொடர்புடையவை. அவற்றில் ‘இங்கே வரலாம்’ என்று பென்சில் குறிப்பாக இருக்கும் 5-ஐச் செயலி தானே அழித்துவிடும். பின்னால் போகும்போது எந்தெந்தக் கட்டத்தில் அழித்தோம் என்பதும் தெரிய வேண்டும். முழு நகலில் அந்தத் தொல்லை இல்லை.

குறித்து வைக்கிற கட்சியும் உண்டு. 2015-ல் ரீடக்ஸ் என்று ‘ஸ்டேட்’டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிரல் தொகுப்பு வந்து, வலைப்பக்கம் செய்பவர்களிடையே பெரிய பேச்சாயிற்று. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல், இப்போதைய நிலையை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள் என்பது அதன் போக்கு. படித்ததும் உன் குறிப்பேடும் பேரேடும்தான் ஞாபகம் வந்தன. 1494-ல் வெனிசில் லூக்கா பாச்சோலி என்கிற இத்தாலியக் கணித அறிஞர் அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவுக் கணக்கு சமாசாரம் ஏறக்குறைய இதுதானே?

அப்புறம் அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு போனைச் சாய்த்தார், ஆட்டம் காலி. ஆண்ட்ராய்டில் நாம் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், திரை திரும்பியதும் அதை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். வியூமாடல் என்கிற பெட்டியில் வைத்தால் அதற்குத் தப்பும். ஆனால் நினைவகம் போதாமல் போன் செயலியையே மூடிவிட்டால் வியூமாடலும் சேர்ந்து போய்விடும். அதனால் ஒவ்வொரு எண்ணைப் போட்டதும் கோப்பில் எழுதிவிடுகிறேன். அவர் மதியம் தூங்கிய நேரத்தையும் கடிகாரம் கூட்டிக்கொண்டிருந்தது, அதையும் சரிசெய்தாயிற்று.

ஒன்றுதான் பாக்கி, அதற்குத்தான் உன்னைக் கேட்கிறேன். எத்தனை தப்பு செய்தோம் என்று மேலே ஓர் எண் இருக்கிறது. கட்டத்தை எண்ணி அதைப் பெற முடியாது, திருத்திய தப்பு கட்டத்தில் இல்லையே. அன்டூ செய்தால் அதுவும் ஒன்று குறைய வேண்டும் என்கிறார் அப்பா. அது கள்ளாட்டம் என்கிறாள் என் பெண். நீங்கள் தப்பான பதிவை அடித்து அழிக்காமல், எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்வீர்கள் என்று ஒருமுறை சொன்னாய். அப்படிப் பார்த்தால் என் பெண் பக்கம்தான் நியாயம். எழுபத்தெட்டு வயதுக்காரரிடம் அதை யார் சொல்வது? மே மாதம் இந்தப் பக்கம் வருகிறாயல்லவா, நீயே வந்து சொல். நீ சொன்னால் கேட்பார்.

உன்,
கடைசி பெஞ்சுக் கூட்டாளி