டல்லாஸ் இப்போதைக்கு வேண்டாம்

குடியாத்தம்,
16.11.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள், அப்புறம் பேச்சு சாம்பார்ப் பொடிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி எவ்வளவு சம்பளம் கூட்டினாலும், டெக்சாஸில் இருக்கும் டல்லாஸுக்கு மாற்றல் என்றால் இப்போது ஒத்துக்கொள்ளாதே. நியூ ஜெர்சியிலேயே இரு. இரண்டாவது, வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். உன் விசா ஸ்டாம்ப் முடிந்துவிட்டது. வந்தால் சென்னையில் மறுபடி ஸ்டாம்பிங் போக வேண்டும். குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் டிக்கெட் போடாதே. சிரசு வருஷா வருஷம் வரும்.

நீ திருநங்கை என்பதை நினைத்துத்தான் இப்படிச் சொல்கிறேன். அதை விளக்கத்தான் மிச்சக் கடிதம்.

போன வருஷம் அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த அன்று உன் பெரியப்பா இனிப்பு வாங்கி வந்தார். 'நம்ம நாட்டுக்கு வேண்டியவர் ஜெயித்துவிட்டார்' என்பது அவர் கணக்கு. நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவரோடு அரசியல் பேசி ஜெயித்தவர் நம் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள்?

டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்றார். அன்றைக்கே கையெழுத்துப் போட்ட உத்தரவுகளில் இரண்டை மட்டும் எடுத்துப் பார். எண் 14168: அமெரிக்க அரசைப் பொறுத்தவரை இனி ஆண், பெண் என்று இரண்டே பாலினம், அதுவும் பிறப்பில் இருந்ததுதான், மாறாது. எண் 14169: வெளிநாட்டு வளர்ச்சி உதவிக்கு 90 நாள் நிறுத்தம். ஆம்பூர் ஷூ கம்பெனியின் ஷிப்பிங் செக்‌ஷனில் இன்வாய்ஸ் நம்பர் பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். அந்த இரண்டு நம்பரும் அடுத்தடுத்து இருப்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. ஒன்றை உள்நாட்டு விவகாரம் என்றும் மற்றதை வெளியுறவு என்றும் பேப்பரில் தனித்தனிப் பக்கத்தில் போடுகிறார்கள். ஹைதராபாத்தில் இரண்டும் ஒரே வாசலில் வந்து நின்றன.

அங்கே 2021இல் 'மித்ர்' என்று ஒரு கிளினிக் தொடங்கினார்கள். திருநர்களுக்கானது, நடத்தியவர்களும் பெரும்பாலும் திருநர்களே. ஹார்மோன் ஆலோசனை, எச்ஐவி பரிசோதனை, மனநலம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். டாக்டரிடம் போனால் முறைத்துப் பார்ப்பார்களோ என்ற பயம் இல்லாமல் போகலாம். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் தானேயிலும் புனேயிலும் திறந்தார்கள். பணம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் வழியாக வந்தது. உத்தரவு வந்த அந்த ஜனவரியிலேயே மூன்றும் மூடப்பட்டன. ஹைதராபாத் கிளினிக் பிறகு டாடா டிரஸ்ட் உதவியோடு 'சப்ரங்' என்ற பெயரில் மறுபடி திறந்திருக்கிறது. யுஎஸ்எய்ட் ஜூலை 1ஆம் தேதியோடு தனி அமைப்பாகவே இல்லாமல் போனது.

அமெரிக்கக் காசை நம்பி நாம் ஏன் இருக்க வேண்டும் என்று பெரியப்பா கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வேலூர்ப் பக்கத்து ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்க வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையை 1900இல் தொடங்கிய ஐடா ஸ்கடர் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பெண். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று 1986இல் முதன்முதலில் தெரிந்ததும் அந்த சிஎம்சி ஆய்வகத்தில்தான். சென்னையில் டாக்டர் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை இங்கேதான் கொண்டுவந்து சோதித்தார்கள். 1995இலிருந்து தமிழ்நாட்டில் எய்ட்ஸ் தடுப்பு வேலைக்கு யுஎஸ்எய்ட் பணம் வந்தது. உலக அளவில் எச்ஐவிக்காக அமெரிக்கா பெரிய நிதித் திட்டம் ஆரம்பித்ததும் 2003இல், டிரம்பின் அதே கட்சிக்காரரான புஷ் காலத்தில். கட்சி அதேதான், காலம் மாறிவிட்டது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படித்ததில் ஒன்று பிடிபட்டது. எது சட்டமாக இல்லாமல் வெறும் கையெழுத்தில், பேனாவில் வந்ததோ, அது பேனாவில் போகிறது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் ஆணுமல்ல பெண்ணுமல்ல என்று 'எக்ஸ்' போடலாம் என்றது 2022 ஏப்ரலில் எல்லோருக்கும் வந்தது. நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுக்கவில்லை, வெளியுறவுத் துறையின் முடிவு அது. 14168 வந்ததும் நின்றது. வழக்குப் போட்டு கீழ்க்கோர்ட்டில் தடை வாங்கினார்கள். இந்த மாதம் 6ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், வழக்கு முடியும்வரை அரசு தன் கொள்கைப்படியே நடத்தலாம் என்று சொல்லிவிட்டது. மூன்று நீதிபதிகள் எதிர்த்தார்கள், போதவில்லை. ராணுவத்தில் திருநர்களுக்குத் தடை போட்ட உத்தரவுக்கும் மே மாதம் இதே கதை.

இன்னொரு பக்கம், 2020 ஜூனில் அதே உச்ச நீதிமன்றம் கொடுத்த போஸ்டாக் தீர்ப்பு இருக்கிறதல்லவா? திருநர் என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சொன்னது. அது 1964ஆம் வருஷத்துச் சட்டத்தின் மேல் நிற்கிறது. எழுதியவர் டிரம்பே நியமித்த நீதிபதி கோர்சச். அதை எந்தப் பேனாவாலும் அடிக்க முடியவில்லை. அதற்காக நிம்மதியாக இருந்துவிடாதே. வேலைப் பாகுபாட்டைக் கவனிக்கும் அங்கத்திய கமிஷன், திருநர்களுக்காகத் தானே நடத்திக்கொண்டிருந்த வழக்குகளைப் பிப்ரவரியில் கைவிட்டது. சட்டம் இருக்கும், கூப்பிட்டால் ஏட்டய்யா வரமாட்டார். நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான நிலைமைதான். நீயாக வக்கீல் வைத்து வழக்குப் போடலாம், அவ்வளவே.

அப்படியிருக்கும்போது மாநிலச் சட்டம்தான் குடை. நியூ ஜெர்சியில் பாலின அடையாளத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2006இலேயே சட்டமன்றத்தில் சட்டம் போட்டார்கள். டிரைவிங் லைசென்ஸில் பாலினத்தை உன் சொல்லை வைத்தே மாற்றித் தருகிறார்கள். டெக்சாஸில் மாநில அளவில் அந்தப் பாதுகாப்புச் சட்டமே இல்லை. லைசென்ஸில் மாற்றுவதை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். வருகிற டிசம்பர் 4 முதல் அரசுக் கட்டடம், அரசுப் பள்ளி, அரசுப் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் பிறப்புப் பாலினப்படிதான் கழிப்பறை. அனுமதித்த நிறுவனத்துக்கு முதல் தடவை 25,000 டாலர், அடுத்த தடவை 1,25,000 டாலர் அபராதம். அபராதம் நிறுவனத்துக்குத்தான், உனக்கு அல்ல என்று உன் மேனேஜர் சொன்னாராம். அதுதான் எனக்குப் பயம். அவ்வளவு பெரிய தொகைக்குப் பயந்து வாசலில் நிற்கும் காவலாளி என்ன செய்வான்? லைசென்ஸ் எடுக்கப் போகும் ஆபீஸே அரசுக் கட்டடம்தான், பாப்பா.

விசா சமாச்சாரம் இன்னும் சிக்கல். உன் பாஸ்போர்ட் இந்தியாவுடையது, அது உன்னைப் பெண் என்று சொல்கிறது. ஆனால் இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து விசாவில் பிறப்பின்போதிருந்த பாலினத்தைத்தான் குறிக்க வேண்டும் என்று தூதரகங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். உன் பழைய விசாவில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் 'தவறான தகவல் கொடுத்தார்' என்று குறித்துவிட்டால் அது நிரந்தரத் தடை வரைக்கும் போகக்கூடியது. படிவத்தில் என்ன எழுதுவது என்பதை நானும் சொல்லக் கூடாது, உன் பிரெண்ட்ஸ் வாட்ஸப் குரூப்பும் சொல்லக் கூடாது. வக்கீல் எழுத்தில் தரட்டும்.

இனிப்பு வாங்கி வந்த பெரியப்பாவுக்கு ஆகஸ்டில் பதில் வந்தது. 7ஆம் தேதி முதல் இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் வரி. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று 27ஆம் தேதி முதல் இன்னொரு 25. ரஷ்ய எண்ணெய்க்கும் ஆம்பூர் ஷூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கட்டிங் செக்‌ஷனில் ஒரு பெண் என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்வது? வியட்நாம் ஷூவுக்கு 20 சதவீதம், நம்முடையதுக்கு 50. பையர் போன் போட்டு, பாதி வரியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். நம்மிடம் இருக்கும் லாபமே அவ்வளவு கிடையாது. ஐரோப்பா ஆர்டர் நிறைய இருப்பதால் மூச்சு ஓடுகிறது. அமெரிக்க ஆர்டர் ஓடிய லைனில் ஓவர்டைம் நின்றுவிட்டது. பேரணாம்பட்டிலிருந்தும் மாதனூரிலிருந்தும் காலையில் கம்பெனி பஸ் ஏறி வரும் பெண்களுக்கு அந்த ஓவர்டைம்தான் சீட்டுப் பணம்.

உனக்கு அனுப்ப வேண்டிய பார்சலும் அதில்தான் மாட்டியது. ஆகஸ்ட் 25 முதல் தபால் ஆபீஸில் அமெரிக்கப் பார்சலே எடுக்கவில்லை. அக்டோபர் 15இல்தான் திரும்ப ஆரம்பித்தார்கள், அதுவும் இங்கேயே 50 சதவீதம் வரி கட்டிவிட்டு. பருப்புப்பொடிக்கு வரியா என்று உன் அம்மா கவுண்டரில் சண்டை போட்டாள். ஆற்காடு மக்கன் பேடா கெட்டுவிடும் என்று நாங்களே தின்றுவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே.

அந்த வரியும் பேனா உத்தரவுதான். அது செல்லுமா என்று அதே உச்ச நீதிமன்றம் இந்த நவம்பர் 5 அன்று விசாரித்தது. மறுநாள்தான் உங்கள் பாஸ்போர்ட் உத்தரவு. ஒரே வாரம், ஒரே கட்டடம். ஆம்பூரில் ஒரு கூட்டம் முதலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் இரண்டு கேஸ் நடக்கிற மாதிரி.

எனக்கு இன்றும் கோபம் வருவது போன வருஷத் தேர்தலில் டிரம்ப் கட்சிக்காரர்கள் பிரச்சாரம் செய்த விதத்தில்தான். ஜனத்தொகையில் உங்கள் பங்கு எவ்வளவு? அதைக் காட்டிப் பயமுறுத்த டிவி விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் டாலர் கொட்டினார்கள். தோற்ற கட்சியிலும் சிலர், உங்களுக்காகப் பேசியதால்தான் தோற்றோம் என்று பழியை உங்கள் தலையில் போட்டார்கள். ஆனால் இந்த மாதம் 4ஆம் தேதி நடந்த வர்ஜீனியா கவர்னர் தேர்தலைப் பார்த்தாயா? டிரம்ப் கட்சியின் ஏர்ல்-சியர்ஸ் அம்மா அதே மாதிரி விளம்பரத்தைத்தான் பிடித்துத் தொங்கினார். பெரிய வித்தியாசத்தில் எதிர்க்கட்சியின் ஸ்பான்பெர்கர் ஜெயித்தார். உன் மாநிலத்தில் அதே கட்சியின் மிக்கி ஷெரில் ஜெயித்தார். அங்கத்திய ஜனங்களுக்கும் அரிசி பருப்பு விலைதான் முக்கியம் என்று தெரிகிறது. இதை வைத்து எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பயமுறுத்தல் ஒவ்வொரு தடவையும் விலை போகாது, அதுவரைக்கும் சரி.

அங்கே அப்படி, இங்கே சொர்க்கம் என்றும் நினைக்காதே. தமிழ்நாடுதான் 2008இல் முதலில் திருநர்களுக்கு நலவாரியம் அமைத்தது, உண்மை. இந்த ஜூலை கடைசியில் திருநர்களுக்கென்று மாநிலக் கொள்கையும் வெளியிட்டார்கள். கொள்கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டம் இல்லை. மேலே சொன்ன கணக்குப்படி அது பேனாவில் வந்தது. 2019இன் மத்தியச் சட்டமோ, திருநர் ஒருவரைப் பாலியல் வன்முறை செய்தவனுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம்தான் தண்டனை என்கிறது. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், கொள்கையைச் சட்டமாக்குவீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பதாக இருக்கிறேன். பெரியப்பா வீட்டுத் திண்ணையிலேயே கேட்பேன்.

ஓட்டு சின்னதாக இருந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் மாநகராட்சியே போதும். 2022 பிப்ரவரியில் 37ஆவது வார்டில் கங்கா நாயக் என்ற திருநங்கை ஜெயித்தார். வித்தியாசம் 15 ஓட்டு. ஒரு தெருவில் கல்யாணம் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். இங்கே 4ஆம் தேதியிலிருந்து வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலரான பிஎல்ஓ வந்து உன் பழைய பெயரும் பழைய போட்டோவும் அச்சடித்த படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் தொடவே இல்லை. வெளிநாட்டில் இருக்கிறாய், அந்தப் பெயரில் அதை நிரப்பிக் கொடுப்பது சரியில்லை. அந்தப் பதிவு நீங்கட்டும். நீ 6ஏ படிவத்தில், உன் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில், வெளிநாட்டு வாக்காளராகப் புதிதாகப் பதிந்துகொள். பாலினம் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெண். பாஸ்போர்ட் நகலும் விசாப் பக்கமும் கேட்பார்கள். முகவரி நம் வீடு.

ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும், தபால் வசதி கிடையாது. வந்தால் திரும்பிப் போக முடியுமா என்பது வக்கீல் பதிலைப் பொறுத்தது. அவர் சொன்னதை எனக்கு அப்படியே அனுப்பு. டல்லாஸுக்கு என்ன பதில் எழுதினாய் என்பதையும் சொல். அமெரிக்காவுக்கு நாங்கள் வர விசா கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா