அது அபூர்வப் பறவை இல்லை, ஆறுமணிக் குருவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. கிளிக்கூட்டுக்குள் ஒரு குருவி, கீழே 'வீட்டு விறாந்தையில் பிடிபட்ட அபூர்வ வெளிநாட்டுப் பறவை, பார்க்க ஊரே திரண்டது' என்று செய்தி. எங்கள் மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்கட ஆறுமணிக் குருவியல்லோ, இதுக்கு என்னத்துக்குக் கூடு?" என்றார். அதைத்தான் நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பறவை என்பது சரி. அபூர்வம் என்பதுதான் பிழை. புரட்டாதி, ஐப்பசியில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து சித்திரை வரை நம்மோடு இருந்துவிட்டுப் போகிற குருவி இது. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் காடும் பற்றையும் இருக்கிற எந்த ஊரிலும் கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன், பார்க்கலாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு கூச்சம் அதற்கு. ஈச்சம் பற்றைக்குள்ளும் மர நிழலிலும் நிலத்தில் தத்தித் தத்தித் திரிந்து, சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் தின்னும். ஆள் அரவம் கேட்டால் அசையாமல் நின்றுவிடும், அந்த நிறத்தோடு எப்படித்தான் ஒளிகிறதோ தெரியாது. விடியவும் பொழுதுபடவும்தான் கூடுதலாகக் கேட்கும், 'வீஈட்... டியூ' என்று இரண்டு விசில். ஆறுமணிக் குருவி என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

1996 இல் கொழும்பு அரசாங்கம் நாட்டு மணிக்கூட்டை முன்னால் தள்ளியது ஞாபகம் இருக்கும். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம், 2006 இல் அரசாங்கமும் பழைய நேரத்துக்குத் திரும்பி வரும் வரைக்கும். அந்தப் பத்து வருசமும் தெற்கே போன ஆறுமணிக் குருவிகள் எல்லாம் நேரம் தவறியவை, எங்களுடையது மட்டும் சரியாகக் கூவியது என்று மாமி இன்றைக்கும் பகிடி விடுவார்.

சிங்களத்தில் இதற்கு அவிச்சியா என்று பெயர். மயில் இதன் ஆடையைப் பறித்துக்கொண்டது, அதனால்தான் இப்படிக் கூவி முறையிடுகிறது என்று அவர்களிடம் ஒரு கதையும் உண்டு. ஹிந்தியில் நவரங், ஒன்பது நிறம். நானும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தேன், எட்டுக்கு மேல் போகவில்லை.

எண்ணக் கிடைத்தது எப்படி என்றால், சில வருசத்துக்கு முன் ஒரு ஐப்பசி விடியற்காலை, விறாந்தையில் ரியூப் லைற்றுக்கு நேர் கீழே ஒன்று கிடந்தது. பூனை ஏற்கெனவே வாசற்படியில் குந்தியிருந்தது. எடுத்தால் ஒரு கோழிமுட்டை நிறைதான் இருக்கும். முதுகு பச்சை, செட்டையின் மேல்பக்கத்தில் மின்னுகிற நீலம், நெஞ்சு பருப்பு நிறம், தொண்டை வெள்ளை, கண்ணை மூடி மை இழுத்த மாதிரிக் கறுப்புப் பட்டி, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை, கட்டை. கைக்குள் அதன் நெஞ்சு அடித்த அடி என் விரலுக்கே கேட்டது.

இவை இரவில் பயணம் போகிறவை. களைத்த குருவி வெளிச்சத்தைக் கண்டு தடுமாறி வீட்டுக்குள் வந்து விழும், யன்னல் கண்ணாடியில் அடிபடும். உங்கள் படத்தில் இருந்ததும் அப்படி வந்து விழுந்த ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கூட்டில் போட்டால் கம்பியில் மோதி மோதி மண்டையை உடைத்துக்கொள்ளும். நெல்லும் பழமும் வைத்தால் தொடாது, அது பூச்சி தின்கிற சாதி. வனவிலங்குச் சட்டத்தின்படி அடைத்து வைப்பது குற்றம் என்பது வேறு. நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஒரு சவர்க்கார மட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, அடியில் பழைய சாரத்துண்டு விரித்து, அதை உள்ளே விட்டு மூடி, இருட்டான அறையில் வைத்தோம். பிள்ளைகள் திறந்து பார்க்க நச்சரித்தார்கள், விடவில்லை. பொழுதுபடப் பாலை மரத்தடியில் பெட்டியைச் சரித்தோம். வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றது, கட்டை வாலை ரெண்டு தரம் மேலும் கீழும் ஆட்டியது, பற்றைக்குள் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரி தொடங்கி மண் இளகிப் புழு மேலே வருகிற நேரம் பார்த்துத்தான் இது வந்து இறங்குகிறது. நாங்களோ அதே நேரம் கோடிப்பக்கத்தைக் கூட்டி, சருகை எல்லாம் குவித்து நெருப்பு வைக்கிறோம். டெங்குப் பயம் எனக்கும் உண்டு, போன மாரியில் எங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்து எழும்பினவர். ஆனால் நுளம்பு பெருகுவது தண்ணீர் தேங்குகிற சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் பழைய டயரிலும். அவற்றைப் பொறுக்கி எறியுங்கள். மரத்தடியில் பரவிக் கிடக்கிற சருகில் தண்ணீர் எங்கே நிற்கப் போகிறது? கிளுவை வேலியை வெட்டி மதில் கட்டுகிறவர்களிடம் நான் ஒன்றும் சொல்ல முடியாது, அவரவர் காணி. வளவின் ஒரு மூலையை மட்டுமாவது கூட்டாமல் விடலாம். ஐப்பசியில் படுக்கைக்குப் போகும்போது விறாந்தை லைற்றை நிற்பாட்டிவிட்டால் கரண்ட் பில்லும் குறையும்.

இங்கே இது கூடு கட்டுவதில்லை, அதனால் குஞ்சு வளர்க்கலாம் என்று நினைத்து யாராவது வைத்திருந்தாலும் வீண். சித்திரைக்குப் பிறகு இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா, மேற்குத் தொடர்ச்சி மலை என்று போய், மழை பெய்கிற மாதங்களில் நிலத்திலோ தாழ்ந்த கிளையிலோ பந்து மாதிரி ஒரு கூடு கட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்து முட்டையிடும்.

அடுத்த முறை படம் போட்டால் ஆறுமணிக் குருவி என்று பெயரைப் போடுங்கள் ஐயா. அந்தக் கிளிக்கூட்டில் இருந்த குருவிக்கு என்ன நடந்தது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். மாமி ரெண்டு தரம் கேட்டுவிட்டார்.

வாசகி ஒருத்தி,
ஒட்டுசுட்டான்.