பாம்புக்கடியில் மூச்சு நின்று இறப்பதைத் தடுக்க வேண்டி – மீண்டும் ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: உயர்திரு மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்கள்

அனுப்புநர்: வாய்க்கால்கரை மற்றும் முகத்துவாரக் குடியிருப்புப் பொதுமக்கள்

பொருள்: ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரவு நேரத்தில் செயற்கைச் சுவாசம் கொடுக்க வழிசெய்யக் கோருதல்

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்த மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வாய்க்கால்கரை வீடுகளையும், ரயில்வே கேட்டுக்கு இப்பால் இருக்கும் சுகாதார நிலையத்தையும் தாங்கள் ஆய்வின்போது நேரில் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கேட் மூடிக்கிடந்தால் பெரிய மருத்துவமனைக்குப் போகும் வண்டியின் கதி என்ன என்பதும் தங்களுக்குத் தெரியும். முன்னர் அளித்த மனுக்களுக்கு எழுத்தில் பதில் வரவில்லை. நேரில் கேட்டபோது, "விஷமுறிவு மருந்து இருப்பில்தானே இருக்கிறது, பிறகென்ன?" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தப் "பிறகென்ன"வுக்கு விடையாகவே இந்த மனுவைப் பணிவுடன் அளிக்கிறோம்.

1. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்து உறங்குபவர்களைக் கடிக்கிறது. வலி அதிகம் இருப்பதில்லை. வீக்கம் இருக்காது, பல்தடம்கூடச் சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுவலி என்று எழுந்து வருபவருக்கு வாயுத் தொல்லைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனையில் உறைந்துவிட்டது, ஆகவே விஷம் இல்லை என்கிறார்கள். அந்தச் சோதனை கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நஞ்சைக் காட்டிக்கொடுக்கும்; நரம்பைத் தாக்கும் நஞ்சு அதில் அகப்படாது. கண்ணிமை தொங்குகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பணியில் இருப்பவர் அருகில் வந்து பார்த்தால் போதும்.

2. எங்களை வதைப்பது இதுதான், ஐயா. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்துதான் தசையை அசைக்கிறது. நல்ல பாம்பின் நஞ்சில் உள்ள நரம்பு நச்சு, தசையில் அந்த வேதிப்பொருள் சென்று சேரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. விஷமுறிவு மருந்தோடு, அந்த வேதிப்பொருள் சீக்கிரம் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் ஊசியை, அதன் பக்கவிளைவைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்துப் போட்டால் பலர் தேறுகிறார்கள். கட்டுவிரியன் கதை வேறு. அதன் நஞ்சு நரம்பின் நுனியையே சிதைத்துவிடுகிறது. விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும். சிதைந்த நுனியை ஒட்டவைக்காது. அது தானாக வளர்ந்து வர நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்களும் ஆகும். முதலில் இமை விழும், பிறகு நாக்கும் தொண்டையும் செயலிழக்கும், கடைசியில் மூச்சுக்கான தசைகள் ஓய்ந்துவிடும். இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த நாட்களைக் கடக்கும்வரை அவருக்காக வேறொருவர் மூச்சுவிட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்து எழுந்து நடப்பார். ஆகவே மருந்து இருப்பில் இருக்கிறது என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில், கையால் அழுத்தி முகமூடி வழியே நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்தும் ஆம்பு பை, அதை அழுத்தத் தெரிந்த கை. நிலையத்தில் இருக்கும் ஒரே பை பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது, முகமூடி கிழிந்திருக்கிறது, இரவில் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது! சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெரு இளைஞர் ஒருவருக்கு மருந்து முறையாக ஏற்றினார்கள், குறை சொல்லமாட்டோம். ஆனால் மேல்சிகிச்சைக்கு அனுப்பியபோது வண்டியில் பையும் இல்லை, உடன் செவிலியரும் இல்லை. கேட் திறப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அவர் பாம்பு கடித்து இறந்தார் என்றுதான் பதிவேட்டில் இருக்கும். பை இல்லாததால் இறந்தார் என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

3. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தசைகள்தாம் செயலிழக்கின்றன, நினைவு தப்புவதில்லை. கண்பாவை விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம், அதைப் பார்த்துவிட்டு உயிர் போய்விட்டது என்று கைவிடக் கூடாது. அப்படிக் கைவிடப்பட்ட எங்கள் பகுதிப் பெண் ஒருவரை உறவினர்கள் பிடிவாதமாகத் தூக்கிச் சென்று வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள். அவர் எழுந்து உட்கார்ந்ததும், தலைமாட்டில் யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். தங்கள் துறை ஊழியர் ஒருவர் சொன்னதும் அதில் உண்டு. அதை இங்கே எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

4. முகத்துவாரத்து மீனவர்களின் வலையில் கடல் பாம்பு சிக்குகிறது. அதன் நஞ்சு தசையையே அழிக்கும். உடலெங்கும் வலி, சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் கெடும். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கே உரியது. ஆகவே இவர்களை வலிமாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்ப உத்தரவிட வேண்டும்.

5. மந்திரிப்பவரிடம் போகாதீர்கள் என்று துறை சார்பில் சுவரெழுத்து எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் பாம்பு நஞ்சைச் செலுத்தாமல் கடித்ததால் பிழைத்தவர்கள் எல்லாம் அவர் கணக்கில் சேர்கிறார்கள். உங்கள் வண்டியில் மூச்சு நின்றவர்கள் உங்கள் கணக்கில் சேர்கிறார்கள். ஊர் அதைத்தான் பார்க்கிறது. சுவரில் எழுதினால் மட்டும் மாறிவிடுமா?

6. உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இறப்பைப் பாதியாகக் குறைக்க 2024-இல் மத்திய அரசு தேசியச் செயல்திட்டமும் வெளியிட்டிருக்கிறது. எங்களுக்கு 2030 வரை தவணை இல்லை, ஐயா. மழை தொடங்கப்போகிறது.

ஆகவே, இரவுப் பணியில் இருப்பவர் கைக்கெட்டும் இடத்தில் பெரியவர்க்கும் குழந்தைக்கும் உரிய ஆம்பு பை, நியோஸ்டிக்மின், அட்ரோபின் வைக்கவும், எல்லா ஊழியர்களுக்கும் பை அழுத்தப் பயிற்சி தரவும், அது தெரிந்த ஒருவர் உடன் ஏறாமல் எந்தப் பாம்புக்கடி நோயாளியையும் வண்டியில் அனுப்பக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடவும் வேண்டுகிறோம். புதுக் கட்டடம் கேட்கவில்லை. திறப்பு விழா கேட்கவில்லை. பீரோவைத் திறந்து வையுங்கள் என்கிறோம். பை அழுத்தத் தெரிந்த ஒருவரை உடன் அனுப்புங்கள் என்று மீண்டும் மன்றாடிக் கேட்கிறோம். இம்முறையாவது எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாய்க்கால்கரை, முகத்துவாரக் குடியிருப்புப் பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், கையொப்பப் பட்டியல்