வில்லியம் மில்லர் நினைவு அறை: திருப்பணி நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்குத் தோத்திரம்.

ஆலயத்தின் பின்கட்டில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையை வில்லியம் மில்லர் நினைவு அறையாக்கும் வேலை முடிந்தது. கிறிஸ்துவின் இரண்டாம் வருகை எப்போது என்று வேதத்திலிருந்து கணக்கிட்டுப் பிரசங்கித்த அமெரிக்கர் அவர். வரவு செலவு ரசீதுகளுடன் பொருளாளரிடம் இருக்கிறது. யாரும் வாங்கிப் பார்க்கலாம். இந்த அறிக்கை வேலையைப் பற்றியது.

முதலில் சுவர். செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய சுவரின்மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். உள்ளே ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல், மூன்றடி உயரம்வரை உப்புப் பூத்து பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. நான்கடி உயரத்துக்குச் சிமெண்டைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டி, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் மூன்று பங்கு கலந்து இரண்டு முறை பூசினோம். மேற்குச் சுவரில் முதல் பூச்சு மயிரிழையாக வெடித்தது. கலவையில் குறையில்லை, மாலை வெயில் சன்னல் வழியாக நேரே அடித்துச் சீக்கிரம் உலர்ந்துவிட்டது. அதைச் சுரண்டி மறுபடி பூசி, ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஏழு நாள் காத்தோம். இனி இந்தச் சுவரில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கக் கூடாது, வெள்ளையடிப்பு மட்டும்தான்.

அடுத்தது காலக்கோடு. அதிக நேரம் எடுத்ததும், அதிக விவாதம் நடந்ததும் இதில்தான். இரண்டாம் வருகைக்கு மில்லர் போட்ட கணக்கின் அடிப்படை, தானியேல் 8:14-ல் வரும் 2300 இராப்பகல். ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்று எடுத்து, எருசலேமைக் கட்ட பெர்சிய ராஜா அர்தசஷ்டா கட்டளையிட்ட கி.மு. 457-ல் தொடங்கினார். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வைத்தால் 2300 மி.மீ., அதாவது 2.3 மீட்டர். சுவரில் சரியாக அடங்கும்.

முதலில் ஃபிளெக்ஸில் அச்சடித்துத் தொங்கவிட்டோம். உச்சி வெயிலில் அது 4 மி.மீ. இழுபட்டது. நம் அளவில் அது நான்கு வருஷம்! தேக்குச் சட்டத்துக்கு மாறினோம். மரம் அகலவாக்கில்தான் ஊறும், சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு.

சட்டத்திலும் ஒரு பிழை. ஆசாரி கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவே ஒரு பூஜ்ஜியக் கோடு போட்டுவிட்டார். 2300-வது கோடு 1843-ல் வந்து நின்றது. பூஜ்ஜிய வருஷம் என்று ஒன்று கிடையாது. அதை எடுத்தால் கி.பி. 1 என்ற குறி 458-வது மி.மீ.யிலிருந்து 457-க்கு நகர்கிறது, முடிவு 1844-க்குப் போகிறது. மில்லர் கூட்டத்தாருக்கு ஏற்பட்ட அதே வழுக்கல் இது. முதலில் அவர் சொன்னது 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடைப்பட்ட காலம். அது கடந்துபோன பிறகு, யூதர்களின் ஏழாம் மாதம் பத்தாம் தேதியை வைத்து 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ. மில்லர் கடைசிவரை தயங்கி, அந்த அக்டோபரில்தான் அதை ஒப்புக்கொண்டார். பிழையான சட்டத்தைத் தூக்கிப்போடவில்லை. அதைக் கீழே, சரியானதை மேலே பொருத்தியிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டிலும் விரல் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

சுவரில் மாட்டிய படத்துணியில் இருப்பது, மில்லரின் கணக்கை விளக்கும் "1843 அட்டவணை"யின் நகல். அந்தப் பெயர் அதில் குறித்த வருஷத்தால் வந்தது. சார்ல்ஸ் ஃபிட்ச், அப்போலோஸ் ஹேல் இருவரும் வரைந்ததை 1842-ல் 300 பிரதி அச்சிட்டுப் பிரசங்கிகளுக்குக் கொடுத்தார்கள். நம்முடையது காடாத்துணி. அச்சுக்கு முன்னமே இரண்டு தரம் அலசிச் சுருங்கவைத்தோம். இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே ஓரம் சுருண்டிருக்கும். சுவரைத் தொடாமல் ஒரு அங்குலம் தள்ளி, மரக்கட்டை வைத்து மாட்டியிருக்கிறது.

விளக்கப் பலகைகள் ஐந்து. "தீர்க்கதரிசி" என்ற சொல் எதிலும் வராது. மில்லர் நியூயார்க் மாநிலம் லோ ஹாம்ப்டனில் நிலம் உழுத விவசாயி. 1814-ல் பிளாட்ஸ்பர்க் போரில் கேப்டனாக நின்றவர். அப்போது வேதத்தை நம்பாதவர். 1816-ல் மனம் திரும்பி பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். வேதாகமமும் குரூடனின் ஒத்தவாக்கிய அகராதியும் (ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் நூல்) மட்டும் வைத்துக்கொண்டு, ஆதியாகமத்திலிருந்து வசனம் வசனமாக வாசித்து 1818-ல் ஒரு முடிவுக்கு வந்தார். ஆனாலும் 1831 ஆகஸ்டில்தான், அதே மாநிலத்தின் டிரெஸ்டனில், முதல் பிரசங்கம். இந்தப் பதின்மூன்று வருஷத் தயக்கத்துக்கு ஒரு பலகை முழுவதையும் கொடுத்தது கமிட்டியின் விருப்பம். மேசையில் அந்த இரண்டு புத்தகங்கள் மட்டுமே. கலப்பை மாதிரி வைக்கலாம் என்ற யோசனையை இடம் போதாமல் விட்டோம்.

வெள்ளை அங்கி உடுத்திக் காத்திருந்த ஜனங்களின் படம் வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். அது கேலிக்காரர்கள் பரப்பிய கதை, நம்பத்தக்க சாட்சி இல்லை. ஆகவே சேர்க்கவில்லை. எதிர்பார்த்த நாள் வெறுமனே கடந்துபோனதைச் சொல்லும் நான்காம் பலகையின் "ஏமாற்றம்" என்ற சொல்லுக்கும் மறுப்பு வந்தது: யாரோ ஏமாற்றியதாகப் படிப்பார்கள் என்று. அடியில் ஒரு வரி சேர்த்தோம்: தம் கணக்கு தவறியதை மில்லரே 1845-ல் எழுதி அச்சிட்டார். அதே வருஷம் பாப்டிஸ்ட் சபை அவரை விலக்கியதும், 1848-ல் அவர் தம் நிலத்தருகே சிற்றாலயம் கட்டியதும், 1849 டிசம்பர் 20-ல் மரித்ததும் ஐந்தாவது பலகையில்.

பாக்கி வேலை இரண்டு. கதவு நிலையின் கீழ்முனையில் கறையான் அரித்த ஆறு அங்குலத்தை வெட்டி ஒட்டுப்போட வேண்டும். மேற்குச் சன்னலுக்குத் தட்டி வர வேண்டும்; அதுவரை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் சன்னலை அடைத்தே வையுங்கள், துணியின் சிவப்பு மை வெளுத்துவிடும். சாவி கோயில்குட்டியாரிடம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்