அண்ணா, வண்டியை மாற்றிவிட்டேன்

அண்ணா,

என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கை நேற்று விற்றுவிட்டேன். இன்று காலை ஷைன் 125 புக் பண்ணியாச்சு. அம்மா இதற்குள் உன்னிடம் சொல்லியிருப்பாள், இருந்தாலும் என் வாயாலும் ஒரு தடவை வரட்டும். உன்னுடையது மாதிரி ஸ்ப்ளெண்டர் வாங்கவில்லை. அந்த அளவுக்கு உன்னை ஜெயிக்க விட மனசு வரவில்லை.

இதையெல்லாம் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. அண்ணி படிப்பார், மாமா வீட்டில் இரண்டு பேராவது படிப்பார்கள். அதனால் லோன் கையெழுத்து விஷயத்தை இங்கே எடுக்கப் போவதில்லை. அது எங்கே பேசணுமோ அங்கே பேசிக்கொள்ளலாம்.

"லடாக்குக்கா போகப் போற? செவ்வாய்ப்பேட்டைக்குத்தானே?" என்று அந்த 350-ஐ வாங்கப் போனபோது கேட்டாய். நியாயமான கேள்விதான். என் மாமனாரை வைத்துக்கொண்டு கேட்டதுதான் பொறுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். சரி, கேட்டிருக்க மாட்டேன்.

அன்று ஷோரூமில் 350 மேல் உட்கார்ந்தபோது இரண்டு கால் விரலும் தரையில் பட்டன. போதும் என்று நினைத்தேன். அங்கே டைல்ஸ் தரை, எந்தப் பக்கமும் சாய்வே கிடையாது.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது அந்த வலது கொண்டை ஊசியில் பஸ் ஏறி வந்ததே, அதுதான் இந்த மூன்று வருஷமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டது. நின்றேன். ரோடு வலது பக்கம் சரிந்திருந்தது, என் வலது கால் பிரேக்கில் இருந்தது. வண்டி மெதுவாக அந்தப் பக்கம் சாய ஆரம்பித்ததும் காலை எடுத்து ஊன்றப் போனேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை, அதற்கும் அரை சாண் கீழே இருந்தது. அப்புறம் 195 கிலோவை யார் பிடிக்க முடியும்? பின்னால் நீ வேறு.

எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். உன் கெண்டைக்கால் சைலன்சருக்கு அடியில் இருந்தது. அந்த நிலையிலும் நீ எட்டி சாவியை அணைத்தாய். நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். டேங்கைத் தடவிப் பார்த்தேன். உன் கால் பக்கம் திரும்பியது அதற்கு அப்புறம்தான்.

அதற்கு மன்னிப்பு கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று தவணைகூடக் கட்டாத வண்டி அண்ணா, கை தானாகப் போய்விட்டது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. சொல்கிறேன்தான் போலிருக்கிறது.

வண்டி மேல் குற்றமில்லை. பொருத்தம் பார்க்காமல் கட்டிக்கொண்டது நான். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர், உன் ஸ்ப்ளெண்டருக்கு 785. வெறும் 2 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த அகலமான சீட்டில் உட்கார்ந்தால் தொடை விரிந்து காலின் நீளத்தில் பாதி அதற்கே போய்விடுகிறது. இதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. எடையோ உன்னுடையது 112 கிலோ, இது 195. ஓடும்போது அந்த எடை தெரியவே தெரியாது, சுகமாக இருக்கும். ஐந்து ரோடு சிக்னலில் உருட்டும்போதும், வீட்டு வாசல் சரிவில் பின்னால் தள்ளும்போதும்தான் தெரியும். தினமும் அதுதானே என் பிழைப்பு. அம்மா அதில் ஏறியது இரண்டே தடவை. புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்தால் வண்டி முழுக்க அந்தப் பக்கமே இழுக்கும்.

ஷைனுக்கு நீளமான ஒரே சீட், எடை உன் வண்டியை விட ஒன்றிரண்டு கிலோதான் கூட. 100 சிசி போதாதா என்பாய். அம்மாவை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏற 125 இருந்தால் நல்லது. இந்தத் தடவை டெஸ்ட் டிரைவுக்குக் கொடுத்த வண்டியை வெளியே சாய்தளத்தில் பாதியில் நிறுத்தி, குறுக்காகத் திருப்பி, சரிவுப் பக்கம் காலை ஊன்றிப் பார்த்தேன். விற்பனைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. நான் ஹாஸ்டலில் இருந்தபோது அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐ யாரைக் கேட்டு விற்றாய்? 98 சிசி, கிட்டத்தட்ட நூறு கிலோ. எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வண்டி. 1996-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இனி புதுசாகவும் வாங்க முடியாது. அது வீட்டில் நின்றிருந்தால் நான் 350 பக்கமே போயிருக்க மாட்டேன், உன் காலிலும் அந்தத் தழும்பு இருந்திருக்காது. இப்படிச் சொல்வது அநியாயம்தான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை டெலிவரி. நீ வர வேண்டாம், வேலை இருக்கும். அப்பா வண்டியை யாரிடம் கொடுத்தாய் என்று மட்டும் சொல். திருப்பிக் கேட்க மாட்டேன். சின்ன வயசில் டேங்க் மேல் உட்கார்ந்ததோடு சரி. ஒரு தடவை சீட்டில் உட்கார்ந்து, கால் எட்டுகிறதா என்று பார்க்கணும்.